விம்பிள்டன் இறுதி நாள்: நோட்டுப் புத்தகத்தோடு ஆட்டம் பார்ப்பது எப்படி?

பூப்பந்து என்றால் நம் மலேசியத் தோட்டப்புற ஊர்களில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ எந்த மாமாக் கடையில் உட்கார்ந்தாலும், எந்தப் புள்ளியில் ஆட்டம் திரும்பியது என்று சரியாகச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். டென்னிஸ் அப்படியில்லை. இறுதி ஆட்டத்தைக் கூட்டமாகப் பார்ப்போம். முடிந்ததும் "இவனுக்கு அனுபவம் பத்தாது", "அவனுக்கு நெஞ்சுரம் இல்ல லா" என்று இரண்டு வரியோடு பேச்சு படுத்துவிடும். ஆட்டத்தில் என்ன நடந்தது என்பதை யாரும் கையில் பிடித்து வைக்காததுதான் காரணம். பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் ஒன்று, நீலம் சிவப்பு இரண்டு பேனா இருந்தால் இதைச் சரிசெய்துவிடலாம். முதல் முறையாக டென்னிஸ் பார்ப்பவரும் செய்யக்கூடிய வேலைதான்.

படி 1: நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

பெரும்பாலும் இங்கேதான் முதல் சறுக்கல். ஜூலையில் லண்டனுக்கும் நமக்கும் 7 மணி நேர வித்தியாசம். 2025 முதல் விம்பிள்டன் ஒற்றையர் இறுதி ஆட்டம் அங்கே மாலை 4 மணிக்குத் தொடங்குகிறது. நமக்கு அது இரவு 11 மணி. பழைய வழக்கப்படி 9 மணிக்கு வந்து உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். ஞாயிறன்று அதற்கு முன், நம் நேரப்படி இரவு 8 மணிக்கு, பெண்கள் இரட்டையர் இறுதி ஆட்டம் இருக்கும். பிள்ளைகளுக்கும் புதிதாகப் பார்ப்பவர்களுக்கும் எழுதிப் பழக இதைவிட நல்ல ஆட்டம் கிடைக்காது. அதிகபட்சம் மூன்று செட்தான் (செட் என்றால் ஆட்டத்தின் ஒரு பகுதி, கணக்கு படி 3-இல்), சீக்கிரம் முடியும்.

ஆண்கள் ஒற்றையர் ஐந்து செட் வரை போகலாம், மூன்று செட் எடுப்பவருக்கு வெற்றி. 2025 இறுதி ஆட்டத்தில் சின்னர் அல்கராஸை 4-6, 6-4, 6-4, 6-4 என்று வென்றார். சுமார் 3 மணி நேரம் ஆனது. நம் ஊரில் அப்போது நள்ளிரவு 2 மணி. அதே இருவரும் அதே ஆண்டு பாரிஸில் மோதியது 5 மணி 29 நிமிடம். ஆகவே திங்கள் விடியற்காலைப் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள் முன்பே ஒரு முடிவெடுங்கள்: இரண்டு செட் வரை நேரடியாக, மீதி பதிவில். பாதித் தூக்கத்தோடு செம்பனைக் காட்டில் அரிவாளைத் தூக்குவது ஆபத்து. இதில் தயவு செய்து விளையாட வேண்டாம்.

படி 2: திரையும் சிக்னலும்

பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) புரொஜெக்டர் போட்டால் விளக்குகளை முழுவதும் அணைக்க வேண்டும். டென்னிஸ் பந்தின் விட்டம் 7 சென்டிமீட்டர்கூட இல்லை. வெளிறிய படத்தில், பச்சைப் புல்லின் மேல் அது எங்கே விழுந்தது என்றே தெரியாது. பழைய படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினால் சுருக்கமில்லாமல் கீழே ஒரு கம்பைச் செருகி இழுத்துக் கட்டுங்கள். முப்பது பேருக்குள் என்றால் நல்ல தொலைக்காட்சிப் பெட்டியே மேல்.

மழை கொட்டினால் டிஷ் சிக்னல் போகும் என்பது நமக்குத் தெரிந்த கதை. கைப்பேசி இணையத்தை மாற்று வழியாக வைத்திருங்கள். தெளிவான படத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை டேட்டா இழுக்கும், அதற்குத் தகுந்த பிளான் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இணையப் படம் நேரடி ஒளிபரப்பைவிடச் சில வினாடிகள், சில நேரம் அரை நிமிடத்துக்கும் மேல், பின்தங்கி வரும். பக்கத்து மேசையில் ஒருவர் கைப்பேசியில் ஸ்கோர் பார்த்து "ஆ!" என்றால் எல்லாருக்கும் ஆட்டம் கெட்டது. ஸ்கோர் அறிவிப்புகளை எல்லாரும் அணைத்த பிறகு உட்காருங்கள்.

படி 3: எண்ணிக்கை, பூப்பந்து கண்ணோடு

15, 30, 40, கேம். இருவரும் 40 என்றால் டியூஸ், அங்கிருந்து தொடர்ந்து இரண்டு புள்ளி எடுப்பவருக்கு கேம். இரண்டு கேம் வித்தியாசத்தில் 6 கேம் எடுத்தால் செட். 6-6 என்றால் டை-பிரேக்: 7 புள்ளி, இரண்டு வித்தியாசம். கடைசி செட்டில் மட்டும் டை-பிரேக் 10 புள்ளி. 2022 முதல் நான்கு பெரிய போட்டிகளிலும் இதே விதி.

பூப்பந்து பார்த்துப் பழகியவர்கள் தடுமாறும் இடம் சர்வ். அங்கே புள்ளி எடுத்தவர் சர்வ் போடுவார். இங்கே ஒரு கேம் முழுக்க ஒருவரே சர்வ் போடுகிறார், அடுத்த கேம் மற்றவருக்கு. சர்வ் போடுபவருக்குத்தான் சாதகம் என்பதால் தன் சர்வில் வெல்வது கடமை மாதிரி. அதற்கு ஹோல்ட் என்று பெயர். எதிராளியின் சர்வில் வெல்வதுதான் சம்பவம், அது பிரேக். 3-3 என்றால் பெரும்பாலும் இன்னும் எதுவும் நடக்கவில்லை. 4-2 என்றால் ஒரு பிரேக் கூடுதலாக இருக்கிறது.

4-1 என்று திரையில் வந்தால் "முடிஞ்சுது, மாமா" என்று எழுந்துவிடாதீர்கள். முன்னால் இருப்பவர்தான் செட்டில் முதலில் சர்வ் போட்டவர் என்றால் அவர் முன்னிலை ஒரே ஒரு பிரேக்தான். இரண்டாவதாகப் போட்டவர் என்றால் இரண்டு பிரேக். ஒரே 4-1, ஆனால் ஒன்று நூலில் தொங்குவது, மற்றது கயிற்றில். ஒவ்வொரு செட்டின் தலையிலும் 'முதல் சர்வ் யார்' என்று எழுதச் சொல்வது இதனால்தான்.

படி 4: நோட்டு எழுதுவது

இந்தப் படியில் நேரம் செலவிடுங்கள். இது கைவந்தால் மற்றதெல்லாம் தானே வரும்.

ஒரு கேமுக்கு இரண்டு வரி. மேல் வரி சர்வ் போடுபவருக்கு, கீழ் வரி எதிராளிக்கு. இடது ஓரத்தில் சர்வ் போடுபவர் பெயரின் முதல் எழுத்து. புள்ளி யாருக்குப் போனதோ அவர் வரியில் ஒரு எழுத்து, மற்ற வரியில் கோடு. எழுத்துகள் நான்கே:

ஏ – ஏஸ், சர்வைத் தொடவே முடியவில்லை
வெ – வெற்றி அடி, எதிராளியால் எடுக்க முடியாத பந்து
த – மற்றவர் செய்த தவறு: வலை, அல்லது கோட்டுக்கு வெளியே
இ – இரட்டைத் தவறு: ஒரு புள்ளிக்கு இரண்டு சர்வ் வாய்ப்பு, இரண்டும் போனது (கீழ் வரியில் வரும்)

இரண்டாவது சர்வில் ஆடிய புள்ளி என்றால் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு வையுங்கள். பிரேக் பாயின்ட் என்றால், அதாவது கீழ் வரிக்காரர் அந்தப் புள்ளியை எடுத்தால் கேமும் அவருக்கு என்றால், சிவப்பில் கட்டம் போடுங்கள். ஒரு மாதிரி கேம்:

மேல்: ஏ – – த – [த] வெ த
கீழ்: – வெ• இ – த – – –

படித்துப் பாருங்கள். ஏஸோடு தொடக்கம். இரண்டாவது சர்வில் அடி வாங்கினார், அடுத்து இரட்டைத் தவறு, 15-30. எதிராளி தவறு செய்ய 30-30. இவர் பந்தை வெளியே அடிக்க 30-40, பிரேக் பாயின்ட். கட்டத்துக்குள் சொட்டு இல்லை: முதல் சர்வையே உள்ளே போட்டுத் தப்பினார். அங்கிருந்து இரண்டு புள்ளி, ஹோல்ட். பத்து நாள் கழித்துத் திறந்தாலும் அந்த கேம் கண்முன் நிற்கும்.

எழுத நேரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஒரு புள்ளிக்கும் அடுத்த சர்வுக்கும் இடையே 25 வினாடிக் கடிகாரம் ஓடுகிறது. பக்கம் மாறும்போது 90 வினாடி, செட் முடிந்தால் 2 நிமிடம். முதல் கேமுக்குப் பிறகு மட்டும் பக்கம் மாறுவார்கள், உட்கார மாட்டார்கள். அங்கே ஏமாறாதீர்கள்.

கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. ஒன்று, மறுகாட்சியைப் புதுப் புள்ளி என்று எழுதிவிடுவது. ஒருவர் திரையைப் பார்த்துச் சொல்லவும் இன்னொருவர் எழுதவும் செய்தால் இது வராது. செட்டுக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, தே தாரிக் வாங்கப் போய்வந்து விட்ட புள்ளியை ஊகத்தில் நிரப்புவது. வேண்டாம். அந்த கேமுக்குக் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் முடிவு மட்டும். பொய்யான ஒரு வரி இருந்தால் பிறகு முழுப் பக்கத்தையும் நம்ப முடியாது.

செட் முடிந்ததும் இரண்டு எண்ணிக்கை. முதலாவது, சொட்டு வைத்த புள்ளிகளில் சர்வ் போட்டவர் எத்தனை எடுத்தார்? பாதிக்கு மேல் என்றால் உறுதி, பத்துக்கு நாலு என்றால் அவர் சிக்கலில் இருக்கிறார், ஸ்கோர் என்ன சொன்னாலும் சரி. இரண்டாவது, சிவப்புக் கட்டம் எத்தனை, அதில் எத்தனை தப்பித்தது? ஏஸ் எண்ணிக்கைக்கு எல்லாரும் கைதட்டுவார்கள், ஆட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

படி 5: புல்லையும் பந்தையும் பாருங்கள்

விம்பிள்டன் புல் 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்படுகிறது. முதல் நாள் பச்சைப் பாய். இரண்டு வாரம் கழித்து, இறுதி நாளில், பின்கோட்டை ஒட்டிப் புல் தேய்ந்து பழுப்பு மண் தெரியும். திடலில் கோல் கம்பத்துக்கு முன்னால் நாம் பார்ப்பது போலத்தான். புல் இருக்கும் இடத்தில் பந்து தாழ்ந்து வழுக்கும். தேய்ந்த இடத்தில் எழும்பும் விதம் வேறு. ஒருவர் பந்தை மட்டையின் விளிம்பில் அடித்துவிட்டுக் கீழே குனிந்து தரையைப் பார்த்தால் காரணம் அதுதான்.

பந்து முதல் 7 கேமுக்குப் பிறகும், அதன்பின் ஒவ்வொரு 9 கேமுக்கும் மாறும். ஆகவே 8, 17, 26 ஆகிய கேம்களில் புதுப் பந்து. சர்வ் போடப் போகிறவர் ஒரு பந்தை உயர்த்தி எதிராளிக்குக் காட்டுவார். புதுப் பந்து காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், ஆடி ஆடிப் பஞ்சு உப்பிய பந்து மெதுவாகும். நோட்டு ஓரத்தில் அந்த கேமுக்கு ஒரு வட்டம் போட்டு வைத்தால், பிரேக் எங்கே விழுந்தது என்று ஒப்பிடலாம்.

கோட்டைப் பற்றிய சண்டைக்கு இப்போது இடமில்லை. 2025 முதல் விம்பிள்டனில் கோட்டு நடுவர்கள் இல்லை, கருவிதான் 'அவுட்' சொல்கிறது.

படி 6: பேச்சு

விதி ஒன்றுதான்: யார் எதைச் சொன்னாலும் நோட்டிலிருந்து ஒரு வரியைக் காட்ட வேண்டும். "அண்ணே, மூணாவது செட்ல ஆறாவது கேம் பாருங்க, ரெண்டு கட்டம், ரெண்டுலயும் சொட்டு இருக்கு. அவனுக்கு முதல் சர்வே விழல." இப்படிச் சொல்லும் தம்பிக்குப் பதில் சொல்ல அண்ணனும் பக்கத்தைப் புரட்டியாக வேண்டும். பேச்சு அங்கேதான் சூடு பிடிக்கும்.

பழகிப் பார்க்க ஒரு பழைய ஆட்டம்: 2019 விம்பிள்டன் இறுதி, ஜோகோவிச்சும் ஃபெடரரும், 4 மணி 57 நிமிடம். மொத்தப் புள்ளிகளில் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. பிரேக்கில் ஃபெடரர் 7, ஜோகோவிச் 3. எல்லாம் ஃபெடரர் பக்கம், கோப்பை ஜோகோவிச்சுக்கு. எப்படி? மூன்று டை-பிரேக்கும் ஜோகோவிச் எடுத்தார்: 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 (அன்றைய விதிப்படி ஐந்தாவது செட்டில் டை-பிரேக் 12-12-க்குப் பிறகுதான்). ஃபெடரர் இரண்டாவது செட்டை 6-1 என்று அள்ளினார், ஆனால் அள்ளினாலும் ஒரு செட், தட்டுத்தடுமாறி எடுத்தாலும் ஒரு செட். ஐந்தாவது செட்டில் 8-7, 40-15, ஃபெடரர் சர்வ், கோப்பைக்கு ஒரே புள்ளி. முதல் வாய்ப்பில் அவருடைய ஃபோர்ஹேண்ட் வெளியே போனது: நம் நோட்டில் கீழ் வரியில் ஒரு 'த'. இரண்டாவதில் வலைக்கு ஏறி வந்தவரைத் தாண்டி ஜோகோவிச் குறுக்கே அடித்தார்: ஒரு 'வெ'. இந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு இரவு முழுக்கப் பேசலாம். தோற்றவர் தவறினாரா, வென்றவர் பறித்தாரா என்றால் இரண்டுக்கும் அங்கே சாட்சி இருக்கிறது.

பெரியவர்கள் கட்டாயம் "நம்ம கிருஷ்ணன்" என்று எடுப்பார்கள். மரியாதையாகக் கேளுங்கள், அது பெருமைக்குரிய செய்தி. தமிழ்நாட்டு வீரர் ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். தோற்றது ஃப்ரேசரிடமும் லேவரிடமும், அந்தந்த ஆண்டு கோப்பையை வென்றவர்களிடம். ஆனால் அது மர மட்டைக் காலம். இன்றைய சர்வ் வேகத்தோடு ஒப்பிட்டால் இரு பக்கத்துக்கும் நியாயமில்லை.

பணப் பந்தயம் கூட்டத்துக்குள் வந்தால் நோட்டை மூடிவிடுங்கள். காசு வைத்தவன் கண்ணுக்கு சொட்டும் கட்டமும் தெரியாது.

அடுத்தது: அமெரிக்க ஓபன்

நியூயார்க்கில் ஞாயிறு பகல் 2 மணி என்றால் நமக்குத் திங்கள் அதிகாலை 2 மணி. வேலைக்குப் போகிறவர்கள் பதிவு செய்து மாலையில் பார்ப்பதுதான் வழி. ஞாயிறு இரவே வாட்ஸ்அப் குழுக்களை மௌனமாக்குங்கள், ஒட்டுக்கடையில் பேப்பர் விரித்திருந்தால் கடைசிப் பக்கத்தைத் திருப்பாதீர்கள். பதிவை ஓட்டும்போது திரையின் அடியில் மொத்த நேரம் ஓடும். அந்த இடத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மறைத்துவிடுங்கள். மீதி இருபது நிமிடம்தான் என்று தெரிந்தால், நாலாவது செட்டோடு ஆட்டம் முடிகிறது என்பதும் தெரிந்துவிடும்.