லேப்டாப் கொதிக்கிறதா, திணறுகிறதா? கழற்றும் முன் காற்றுத் துளையில் கை வைத்துப் பாருங்கள்

பழைய லேப்டாப்பில் சூடும் மந்தமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பிராசஸரின் சூடு 95, 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினாலும் இது தீராது. அதேபோல், ஹார்ட் டிஸ்க் பழுதாகித் திணறும் லேப்டாப்புக்குத் தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் சூட்டை மேலிருக்கும் உலோகத்துக்குக் கடத்தும் பசை) மாற்றினால் உழைப்புதான் வீண். அதனால் முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

சூட்டைக் காட்டும் நிரல்களான கோர் டெம்ப் அல்லது ஹெச்டபிள்யூஇன்ஃபோவை நிறுவிச் சூட்டைக் கவனியுங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 55, கடும் வேலையில் 75 முதல் 90 டிகிரி என்றால் கவலை வேண்டாம். கூடவே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியுவின், அதாவது பிராசஸரின், வேகத்தையும் பாருங்கள். சூடு 95-ஐத் தாண்டும்போது வேகம் சரிந்தால் காரணம் சூடுதான். சூடு 50-லேயே இருக்க, வேலை கொடுத்தும் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸை விட்டு நகரவில்லை என்றால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். சார்ஜரை அடையாளம் காண முடியாதபோது சில லேப்டாப்கள் வேகத்தைக் கட்டிப்போட்டுவிடும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

சூடு சரி, வேகமும் சரி, ஆனால் டிஸ்க் மட்டும் எந்நேரமும் 100 சதவீதம் என்றால் டிஸ்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் 05, சி5 என்ற இரு வரிகளைப் பாருங்கள்; டிஸ்கில் கெட்டுப்போன, கெடத் தொடங்கிய பகுதிகளின் கணக்கு அவை. அவற்றின் மூல மதிப்பு (Raw Values) பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் வேறெதையும் தொடும் முன் கோப்புகளை வெளியே நகலெடுங்கள். பிறகு ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். டிஸ்க் நன்றாக இருந்தாலும் பழைய லேப்டாப்புக்கு இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை. ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். வாங்கும் முன் ரேம் வகையைப் பாருங்கள்: குறைந்த வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் ரேம் கேட்கும் போர்டில் 1.5 வோல்ட் டிடிஆர்3 வேலை செய்யாது.

சூடுதான் காரணம் என்று தெரிந்துவிட்டால், வேலை ஓடும்போது காற்று வெளியேறும் துளையருகே கை வையுங்கள். பிராசஸர் 95-ல் இருக்க, காற்று மெலிதாக வந்தால் தூசி அடைப்பு அல்லது ஓயும் ஃபேன். காற்று பலமாக வந்தும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், சூடு பிராசஸரிலிருந்து ஹீட் சிங்குக்கு (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பாகம்) போகவே இல்லை: பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது சூட்டைக் கடத்தும் குழாயான ஹீட் பைப் செத்திருக்கும். காற்று பலமாகவும் கொதிப்பாகவும் வந்தால் குளிர்விக்கும் பாகங்கள் நன்றாகவே உழைக்கின்றன. பின்னணியில் எந்த நிரல் சிபியுவைத் தின்கிறது என்று தேடுங்கள்.

கழற்றும் முன் அடிப்பாகம் உப்பியிருக்கிறதா, டச்பேட் மேலெழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், குத்தி நெம்பாதீர்கள், பேட்டரியை முதலில் மாற்றுங்கள்.

அடிமூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். திருகுகளை எடுத்த இடத்தின் வரிசையிலேயே வையுங்கள். நீளத் திருகு குட்டைத் துளைக்குள் போனால் மறுபக்கத்தைத் துளைத்துவிடும். தூசி ஃபேனில் இருப்பதைவிட, ஃபேனுக்கும் ஹீட் சிங்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில்தான் கம்பளிபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது. ஃபேனைக் கழற்றி அந்தப் படலத்தை உரித்தெடுங்கள். காற்று ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

பேஸ்ட் மாற்றுவதென்றால் ஹீட் சிங்கில் திருகுகளுக்கு அருகே 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். தளர்த்தும்போது எண்ணைத் தலைகீழாகவும், முடுக்கும்போது நேராகவும், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகவும் திருப்புங்கள். பழைய பேஸ்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். லேப்டாப் பிராசஸருக்கு மேல்மூடி கிடையாது, சிலிக்கான் வெறுமையாக இருக்கும்; மூலை விடாமல் மெல்லிய படலமாகத் தடவுங்கள். ரப்பர்போல் இருக்கும் தெர்மல் பேட் கிழிந்தால் அந்த இடத்தைப் பேஸ்டால் நிரப்பாதீர்கள், அந்த இடைவெளிக்குப் பேஸ்ட் எட்டாது. அதே தடிமனில் புதுப் பேட் வாங்குங்கள். பேஸ்டுக்குப் பதிலாக விற்கும் லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) வேண்டவே வேண்டாம், அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும்.

மூடியபின் முன்பு கொடுத்த அதே வேலையை 15 நிமிடம் கொடுத்துச் சூட்டைப் பாருங்கள். பிராசஸருக்குள் இருக்கும் கோர்களில் (தனித்தனிக் கணிப்புப் பகுதிகள்) ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 டிகிரி கூடுதலாகக் காட்டினால் ஹீட் சிங்க் சரிந்து உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சோம்பல் பார்க்காமல் கழற்றி, பேஸ்டைத் துடைத்து, புதிதாகத் தடவி, மறுபடி பூட்டுங்கள்.