வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள்: ஓட்டிசம் உள்ள பிள்ளையோடு ஒன்ராறியோ வருபவர்களுக்கு

பிள்ளைக்கு இரண்டரை வயது. இன்னும் கதைக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வந்திறங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. 2018இல் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் இப்படித்தான் நின்றோம். ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்: “ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும். அவன்ர மாமாவும் நாலு வயசிலதான் வாய் திறந்தவன்.” ரெலிபோனில் வரும் இந்த ஆறுதலைக் கேட்டுக்கொண்டிருந்தால் இங்கே வருடங்கள் போய்விடும்.

அலுவலக வேலைகளை முதலில் சொல்லி முடிக்கிறேன். குடும்ப வைத்தியரிடம் போய், குழந்தை மருத்துவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பாலர்களுக்கான பேச்சு மொழிச் சேவைக்கு வைத்தியரின் கடிதம் தேவையில்லை, நீங்களே அழைத்துப் பதியலாம். ஓட்டிசம் என்று எழுத்தில் கைக்கு வந்த அன்றே அக்சஸ் ஓ.ஏ.பி.யில் பதியுங்கள், ஒன்ராறியோ ஓட்டிசம் திட்டத்துக்கு அதுதான் வாசல். சிகிச்சைப் பணம் வர வருடக்கணக்கில் ஆகும், வரிசையும் நீங்கள் பதிந்த திகதியைப் பார்த்துத்தான். ஆனால் பெற்றோருக்கான இலவசப் பயிற்சிகளுக்கு அந்த வரிசையில் நிற்கத் தேவையில்லை. 12 முதல் 48 மாதம் வரையான பிள்ளைகளுக்குப் பெற்றோர் மூலமாகவே நடத்தும் திட்டமும் உண்டு, நாலு வயது தாண்டினால் அது கிடையாது. இயலாமைக்கான வரிச் சலுகைக்கு ரி2201 படிவம். அது சரிவந்தால் மாதாமாதம் வரும் பிள்ளைப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேரும். பள்ளிக்கூடத்தில் ஐ.ஈ.பி., அதாவது பிள்ளைக்கென்று தனியாக எழுதும் கல்வித் திட்டம், கேளுங்கள், வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். ஸ்காபரோவிலேயே தென்னாசியக் குடும்பங்களுக்கென்று தொடங்கிய எஸ்.ஏ.ஏ.ஏ.சி. ஓட்டிசம் மையம் இருக்கிறது, அங்கேயும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இதெல்லாம் எங்களுக்கும் அலைந்து திரிந்து ஒருவழியாக நடந்தது. எங்களைக் கவிழ்த்தது வேறு.

மகன் போன பாலர் பராமரிப்பு நிலையத்தில் ஒரு பெண் சொன்னார்: வீட்டில் இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பும், இனி இங்கிலிஷில் மட்டும் கதையுங்கள். நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் பேச்சுச் சிகிச்சை படித்தவரா என்று நாங்கள் கேட்கவில்லை. ஊரில் ரீச்சர் சொன்னால் சொன்னதுதானே.

பதினான்கு மாதம் அப்படியே செய்தோம். என் மனைவிக்கு வேலைத்தலத்துக்குக் காணுமான இங்கிலிஷ் இருந்தது, பிள்ளையைக் கொஞ்சக் காணாது. எனக்கும் அப்படித்தான். “கம்”, “ஈட்”, “சிட்”, “நோ” என்று அவனோடு கதைப்பது நாலு கட்டளைக்குள் சுருங்கிவிட்டது. குளிக்க வார்க்கும்போது இழுத்து இழுத்துச் சொன்ன நரிக் கதையும், சட்டை போடும்போது “எங்க என்ர குஞ்சுக் கை?” என்று தேடுவதும் நின்றுபோயின. நானும் மனைவியும் தமிழில் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவன் வந்தால் வாயை மூடினோம். இதை எழுதும்போது இப்போதும் கோபம் வருகிறது. கனடாவிலேயே 75 ஓட்டிசம் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிடப் பேச்சில் பின்தங்கவில்லை என்று கண்டது. அது வெளிவந்தது 2012இல். எங்களுக்கு அந்த அறிவுரை கிடைத்தது அதற்கு ஆறு வருடத்துக்குப் பிறகு.

2020 தொடக்கத்தில், பெற்றோர் வந்து நீண்ட காலம் தங்கக் கொடுக்கும் சூப்பர் விசாவில் மாமி வந்தார், மனைவியின் அம்மா. அவருக்கும் விதியைச் சொன்னோம். “எனக்குத் தெரிஞ்ச பாஷையிலதான் நான் கதைப்பன். பேரப்பிள்ளைக்கு முன்னால ஊமையா இருக்கவோ பிளேன் ஏறி வந்தனான்?” என்றார். மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லாம் பூட்டுப்பட்டது. பிறகு அவனும் மாமியும் குசினியும்தான்.

இடியப்பம் பிழியும்போது மா இழை இழையாக விழுவதைப் பார்க்க அவனுக்கு நல்ல விருப்பம். மாமிக்கோ மணிக்கட்டு உளைவு. ஒரு தட்டுக்குப் பிழிந்துவிட்டு உரலைப் பிடித்தபடி ஓய்வெடுப்பார், அவனைப் பார்த்து “பிழியட்டோ?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். மூன்றாவது கிழமையோ என்னவோ, அவன் உரலின் மேல் கையை வைத்து “பிழி” என்றான்.

பிறகு வீடியோவில் வந்த பேச்சுச் சிகிச்சையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். தினமும் ஒரே மாதிரி நடக்கும் வேலையில், பிள்ளைக்குத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிட்டு, எதையும் எடுத்துக் கொடுக்காமல் காத்திருப்பது. அவர் பெற்றோருக்குக் கற்றுக்கொடுப்பதே அதுதானாம். மாமி அதைக் கை உளைவால் செய்தார். நீங்கள் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பத்து வரை வாயை மூடிக்கொண்டிருப்பது நம்மவர்களுக்கு லேசான வேலை இல்லை.

அந்தச் சிகிச்சையாளர்தான் இன்னொன்றையும் கேட்டார்: தமிழில் எத்தனை சொல் சொல்கிறான்? அதுவரை எல்லோரும் எண்ணியது இங்கிலிஷ் சொற்களை, ஆறு. மாமி தமிழ்க்கடைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தது முப்பத்தொன்று. இரண்டையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்றார். ஆகவே எந்த மதிப்பீட்டுக்குப் போனாலும் பட்டியலோடு போங்கள். “ஆய்”, “ஊ சுடும்” எல்லாம் சொல்தான்.

மாமியிடமும் பிழைகள் இருந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவனுக்கு நாலு வயதிலும் ஊட்டித்தான் விடுவார். “என்ர கண்ணைப் பார்” என்று நாடியைப் பிடித்துத் திருப்புவார். அவன் பார்க்காமலே கேட்பான் என்று புரியவைக்க ஒரு வருடம் பிடித்தது. கலியாண மண்டபத்துக்குக் காதுக் கவசம் போட்டுக் கூட்டிப்போனால் சபை என்ன நினைக்கும் என்று கவலைப்படுவார். நினைக்கட்டும். இருபது நிமிடம் இருந்து, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவோம்.

பனிக்கால உடுப்புக்கு ஒரு வழி: எல்லாவற்றையும் நீங்களே போட்டுவிட்டு, சிப்பை மேலே இழுக்கும் கடைசி வேலையை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது பழகியதும் அதற்கு முந்திய வேலை. பட அட்டைகளுக்கும் இணையத்தில் கிடைக்கும் சான்ட்விச் படம் வேண்டாம். உங்கள் வீட்டுச் சோற்றுக்கோப்பையையும் செருப்பையும் படம் எடுத்து ஒட்டுங்கள்.

“பிழி” கனகாலம் அவனுக்கு ‘இன்னொருக்கா’ என்றுதான் அர்த்தம். ஸ்காபரோ ஆர்.ரி. ரயிலில் கெனடியில் ஏறி லோரன்ஸ் ஈஸ்ட், எல்ஸ்மியர், மிட்லண்ட் என்று அறிவிப்புக் குரலிலேயே சொல்லிக்கொண்டு வருவான். மக்கோவனில் இறங்கச் சொன்னால் “பிழி” என்பான். ரொறன்ரோவின் பஸ், ரயில்களை ஓட்டும் ரி.ரி.சி.யில் 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம், ஆகவே திரும்ப ஒருதரம் போவோம். 2023 யூலையில் பெட்டி தடம் புரண்டதோடு அந்த ரயிலையே மூடிவிட்டார்கள். அதை அவனுக்கு விளங்கப்படுத்தியது தனிக் கதை.

பள்ளிக்கூடப் பதிவுப் படிவத்தில் வீட்டு மொழி என்று ஒரு கட்டம் வரும். இங்கிலிஷ் என்று எழுதினால் பிள்ளைக்கு நல்லது என்று யாராவது காதுக்குள் சொல்வார்கள். தமிழ் என்றே எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் சந்திப்புக்கு முன்பே கேட்டு வையுங்கள், மூத்த பிள்ளையை அந்த வேலைக்கு இழுக்காதீர்கள்.