காட்டுக் காளானுக்குப் பெயர் கேட்டு எழுதும்போது

மழை விட்ட மூன்றாம் நாள் புல்வெளியில் ஒரு வெள்ளைக் குடை. மேலேயிருந்து ஒரே ஒரு படம் எடுத்து “இது என்ன காளான்?” என்று அனுப்பினால், விவரம் தெரிந்தவர் பதில் சொல்லத் தயங்குவார். அவருக்கு வேண்டியதெல்லாம் குடையின் அடியிலும் மண்ணுக்குள்ளும் இருக்கிறது.

பிடுங்காதீர்கள், தோட்டக் கரண்டியால் சுற்றித் தோண்டி எடுங்கள். கொடிய நச்சுக் காளான்கள் பல அடங்கிய அமானிட்டா பேரினத்தில், தண்டின் அடியைச் சுற்றியிருக்கும் கிண்ணம் பெரும்பாலும் மண்ணில் புதைந்திருக்கும். புற்றுக்காளானின் தண்டு வேர்போல நீண்டு கரையான் புற்றுக்குள் இறங்கும். இழுத்தால் இரண்டுமே அறுந்து உள்ளேயே தங்கிவிடும், அடையாளமும் அதோடு போயிற்று. மொட்டு, விரிந்தது, முதிர்ந்தது என மூன்று பருவத்திலும் எடுங்கள்.

நான்கு படங்கள் போதும்: இருந்த இடம், பக்கவாட்டு, குடையின் அடிப்பக்கம், நெடுக்காக வெட்டிய பாதி. அருகில் ஒரு அளவுகோல் இருக்கட்டும். வெட்டிய சதை நிறம் மாறுகிறதா என்று பத்து நிமிடம் பாருங்கள். வாசனை, பிசுபிசுப்பு, பக்கத்து மரத்தின் பெயர், முளைத்தது மண்ணிலா மட்டையிலா சாணத்திலா என்பதையெல்லாம் அன்றே எழுதிவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து அதன் தலைவர் த்வெய்ட்ஸ் அனுப்பிய மாதிரிகளை வைத்துத்தான் இங்கிலாந்தில் இருந்த காளான் அறிஞர் பெர்க்லி இலங்கைக் காளான்கள் பலவற்றுக்குப் பெயரிட்டார். காய்ந்த காளானில் நிறமும் மணமும் நிற்காது. அன்றும் சரி, இன்றும் சரி.

அடுத்தது ஸ்போர் அச்சு, அதாவது குடையின் அடியிலிருந்து உதிரும் வித்துத் தூள் தாளில் பதியும் தடம். இதை மட்டும் விட்டுவிடவே கூடாது. தண்டை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளைத் தாளிலும் பாதி கறுப்புத் தாளிலுமாகக் குடையைக் கவிழ்த்து வையுங்கள். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது, அதற்குத்தான் கறுப்பு. குடையின் உச்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மேலே ஒரு கிண்ணத்தை மூடி, இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கள். தூளே விழவில்லையென்றால் குடை இன்னும் முதிரவில்லை, அல்லது வாடிவிட்டது. புல்வெளியில் வரும் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் இளசில் வெள்ளைச் செவுளோடு (குடையின் அடியில் இருக்கும் மடிப்புத் தகடுகள்) உண்ணத்தக்க காளான் போலவே நிற்கும். அச்சு பச்சையாக விழுந்ததும் குட்டு வெளிப்படும். தின்றவருக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும்.

மாதிரியைப் பிளந்து 40–45 டிகிரி சூட்டில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். அப்பளம்போல் முறிய வேண்டும்; வளைந்தால் ஈரம் பாக்கி. சூடு அதிகமானால் வெந்துபோகும், பிறகு நுண்ணோக்கியில் எதுவும் தெளியாது. காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் அடைத்து அனுப்புங்கள். பச்சையாகப் பிளாஸ்டிக் பையில் போட்டால் போய்ச் சேர்வது அழுகிய குழம்புதான்.

படம், அச்சு, மாதிரி, குறிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே எண் இடுங்கள். பாதி மாதிரி உங்களிடமே இருக்கட்டும், அவர் மறுபடி ஏதாவது கேட்பார். கடிதத்தில் உங்கள் ஊகத்தைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுதினால் படிப்பவர் கண்ணும் அதையே தேடும். பதில் இனத்தின் பெயர் வரை போகாமல் பேரினத்தோடு நின்றாலும் அது நல்ல பதிலே. “சாப்பிடலாமா?” என்று மட்டும் கேட்காதீர்கள், படத்தையும் கடிதத்தையும் நம்பி அதற்கு ஆமாம் என்பவரோடு மேற்கொண்டு எழுத வேண்டாம்.