வீட்டில் மின்சாரக் கார் சார்ஜ்: எந்தக் கட்டணத் திட்டம்?

முதலில் காருக்கு மாதம் எத்தனை யூனிட் என்று கணக்குப் போடுங்கள். 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால், 1,000 கிலோமீட்டருக்கு 150. சார்ஜ் ஏறும்போது வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் 165. படிநிலைக் கட்டணத்தில் (யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் திட்டம்) இது வீட்டு உபயோகத்துக்கு மேல் ஏறி, விலை கூடிய படியில் விழும்.

நேரவாரிக் கட்டணத்தில் (நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டம்) இரவு விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பகல் விலை கூடியிருக்கலாம். அப்படியானால், பகலெல்லாம் ஏசி ஓடும் வீட்டில் இரவு மிச்சம் அங்கேயே கரைந்துவிடலாம். பழைய பில்லை வைத்து இரண்டு திட்டத்திலும் மொத்தம் எவ்வளவு வரும் என்று கூட்டிப் பாருங்கள். மலிவு நேரம் 6 மணி என்றால் 7 கிலோவாட் சார்ஜரில் சுமார் 40 யூனிட் ஏறும். 2 கிலோவாட் பிளக்கில் 12தான்.

காருக்கென்று தனி மீட்டர் வைத்தால், அதற்கு நிலைக்கட்டணம் (எவ்வளவு யூனிட் ஓடினாலும் கட்ட வேண்டியது) உண்டு. மலிவு நேரத்தில் சார்ஜ் ஏற டைமரைக் காரிலோ சார்ஜரிலோ ஒன்றில் மட்டும் வையுங்கள்; இரண்டிலும் வைத்து நேரம் பொருந்தாவிட்டால் சார்ஜே ஏறாது.