ஐசியூவில் அப்பா உளறினால்

வேலூர் ஆஸ்பத்திரி ஐசியூவில் இருக்கும் அப்பா, "காட்பாடி ஸ்டேஷன்ல ஏன்டா படுக்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால் பதறாதீர்கள். புத்தி பேதலிக்கவில்லை. தொற்று, மயக்க மருந்து, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து மூளையைக் குழப்பும். வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு இது சகஜம். நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். பேசாமல் சோர்ந்து கிடப்பதும் இதே குழப்பமாக இருக்கலாம். பலரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

வாதாடாதீர்கள். "அப்பா, இது வேலூர் ஆஸ்பத்திரி, இன்னைக்கு செவ்வாய், சாயங்காலம் ஆயிடுச்சு" என்று போகும்போதெல்லாம் சொல்லுங்கள். அனுமதி கேட்டு மூக்குக்கண்ணாடி, காது மெஷின் மாட்டிவிடுங்கள். தாயத்து கட்டுவது உங்கள் இஷ்டம். ஆனால் அவருக்குக் குடிப்பழக்கமோ தூக்க மாத்திரைப் பழக்கமோ இருந்தால், அதை மட்டும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

வீடு திரும்பிய பிறகும் கெட்ட கனவு, மறதி கொஞ்ச நாள் இருக்கலாம். ஐசியூவில் நடந்ததைத் தினமும் நோட்டில் எழுதி வைத்தால், அவர் கேட்கும்போது படித்துக் காட்டலாம்.