காரீயத் தூசி: நான் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாம்

புதிதாகச் சேர்ந்த சுகாதார ஆய்வாளர்களோடு களத்துக்குப் போகும்போதெல்லாம் என் பழைய தவறுகள் எதிரே நடந்து வருகின்றன. படிவத்தில் தேதி விடுபடுவது போன்றவை தாமே சரியாகிவிடும். பிள்ளைகள் ரத்தத்தில் காரீயம் ஏறிய வீடுகளில் நான் செய்த மற்றவற்றைச் சொல்கிறேன்.

வெறுமனே ‘ஈயம்’ என்று சொல்வது

உடனே ரசம் வைக்கும் ஈயச்சொம்பைத் தூக்கிப் பரணில் போடுவார்கள். அது வெள்ளீயம், நாம் தேடுவது காரீயம், பேட்டரித் தகட்டில் இருக்கும் நச்சு உலோகம். சொம்பில் கலப்படம் இருக்கலாம் என்று சந்தேகித்தால் சோதனைக்குக் கொடுக்கலாம். ஆனால் சொம்பு பரணுக்குப் போனதும் புறவாசலில் பேட்டரித் தகடு உருக்கும் அடுப்பு மறந்துபோகும்.

அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பது

பெரும்பாலும் வராது. வந்தால், காலம் கடந்துவிட்டது.

விரல் நுனி ரத்தத்தோடு முடிப்பது

விரலில் ஒட்டிய தூசியும் சேர்ந்து அளக்கப்படும். ரத்தக்குழாயில் எடுத்து உறுதி செய்யுங்கள்.

“வீட்டைச் சுத்தமாக வையுங்கள்” என்று சொல்லிவிட்டு வருவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு கிராமம். பழைய பேட்டரிகளை உடைத்து, தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்கி விற்பவரின் வீடு. அடுப்பு புறவாசலில். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்படி, ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். அந்த மூன்று வயதுப் பையனுக்கு 45-ஐத் தாண்டியிருந்தது. காரீயத்தைப் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து கொடுத்தார்கள். அளவு இறங்கியது. நானும் மேற்படி பொன்மொழியை உதிர்த்துவிட்டு வந்தேன்.

சில வாரங்களில் அளவு ஏறியது. எலும்பில் தங்கிய காரீயம் ரத்தத்துக்குத் திரும்புவதால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும் என்றார் மருத்துவர். அந்தக் ‘கொஞ்சத்துக்குள்’ நான் ஒளிந்துகொண்டேன். மேலும் ஏறிய பிறகுதான் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஆடிக் காற்று. அம்மா தார்சாவைப் பெருக்கிக்கொண்டிருந்தார். “நீங்கள் சொன்னதிலிருந்து இரண்டு வேளையும் பெருக்குகிறேன் சார்.” வெயில் விழுந்த இடத்தில் தூசி ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது. அதற்குள் உட்கார்ந்து பையன் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

சொல்லியிருக்க வேண்டியது இது: அடுப்பு வீட்டைவிட்டுப் போக வேண்டும். அது போய், புறவாசல் மேல்மண்ணை அகற்றி முடிக்கும்வரை பிள்ளை ஆச்சி வீட்டில் இருக்கட்டும். வாரியலைத் தொடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அப்பா குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். வேலைத்துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். இவ்வளவையும் புரியவைக்க அரை மணி நேரம் ஆகும். அன்று எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

அப்பாவை மிரட்டுவது

அடுப்பு அடுத்த ஊருக்குப் போகும். அங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். “அண்ணாச்சி” என்று ஆரம்பித்து, வேறு பிழைப்புக்கு வழி உண்டா என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஒரு பிள்ளையோடு நின்றுவிடுவது

அந்தப் பையனுக்கு ஓர் அக்கா உண்டு. அவளுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே நான்கு மாதம் ஆனது.