பெய்ஜிங் போனால் ஜிங்ஷான் மலையில் ஏறுங்கள்

ஃபெங் ஷுய், அதாவது சீனர்களின் வாஸ்து, என்றதும் நம் ஊரில் சிரிக்கும் புத்தர் பொம்மையும் மூங்கில் செடியும்தான் நினைவுக்கு வரும். அதெல்லாம் கடைக்காரர்கள் செய்த வேலை. ஃபெங் ஷுய்யின் அடிப்படை நிலத்தைப் பார்த்து இடம் தேர்வது: முதுகுக்கு மலை, முன்னால் நீர், இரு பக்கமும் தாழ்ந்த குன்றுகள், தெற்கே திறந்த வெளி. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை மலை தடுக்கும், குளிர்கால வெயில் தெற்கிலிருந்து வீட்டுக்குள் விழும். வட சீனாவின் குளிருக்கு இது நல்ல கணக்குதான்.

சீனப் பேரரசர்கள் வாழ்ந்த பெய்ஜிங் அரண்மனை நகரம் சமவெளியில் இருக்கிறது, பின்னால் மலை கிடையாது. என்ன செய்தார்கள்? 1406 முதல் 1420 வரை அரண்மனையைக் கட்டியபோது, அகழி தோண்டிய மண்ணை வடக்கே குவித்து மலையாக்கிவிட்டார்கள். அதுதான் ஜிங்ஷான், சுமார் 45 மீட்டர் உயரம். தெற்கே, பிரதான வாசலைத் தாண்டியதும், வில் போல வளைந்து ஓடும் பொன்னீர் ஓடையும் வெட்டிய கால்வாய்தான். அதன்மேல் ஐந்து பளிங்குப் பாலங்கள்.

பார்வையாளர்கள் தெற்கு வாசலில் நுழைந்து வடக்கே வெளியேறுவது வழக்கம். வெளியே வந்ததும் எதிர்ப்பக்கம் ஜிங்ஷான் பூங்கா. நுழைவுச்சீட்டு தனி, ஆனால் விலை மிகக் குறைவு. கால் வலிக்கும், பரவாயில்லை, நடு உச்சியில் உள்ள மண்டபம் வரை ஏறிவிடுங்கள். அங்கிருந்து தெற்கே பார்த்தால் மஞ்சள் ஓட்டுக் கூரைகள் ஒரே நேர்க்கோட்டில் வரிசையாகத் தெரியும். மாலை வெயிலில் படம் இன்னும் நன்றாக வரும்.

இயற்கையான மலையோடு இதே அமைப்பைப் பார்க்க வேண்டுமா? நகருக்கு வடக்கே மிங் வம்சப் பேரரசர்கள் 13 பேரின் கல்லறைகள் இருக்கும் பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.